மைதானத்தை விரிப்பதா, இடித்துக் கட்டுவதா, விட்டுப் போவதா?

கூரை ஒழுகுகிறது. இடைவேளை முடிந்த பிறகும் கழிப்பறை வரிசை நகரவில்லை. சீசன் டிக்கெட்டுக்குக் காத்திருப்போர் பட்டியல் ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. இந்த நிலைக்கு வந்துவிட்ட எந்தக் கால்பந்து கிளப்புக்கும் வழிகள் மூன்றுதான். இருக்கும் மைதானத்தை ஒவ்வொரு கேலரியாக இடித்துப் பெரிதாக்கலாம். மொத்தத்தையும் தரைமட்டமாக்கி அதே இடத்திலோ ஒட்டிய நிலத்திலோ புதிதாகக் கட்டலாம். இல்லையென்றால் மூட்டை கட்டிக்கொண்டு வேறு இடத்துக்குப் போகலாம். ஒட்டுப்போட்டுக் காலத்தை ஓட்டுவதும் ஒரு வழிதான், பல கிளப்புகள் அதைத்தான் செய்கின்றன. ஆனால் அது முடிவெடுப்பதில் சேராது.

இந்த மூன்றையும் ஒப்பிடும்போது எல்லோரும் முதலில் காட்டுவது இருக்கை எண்ணிக்கையையும் கணினியில் வரைந்த படங்களையும். அந்தப் படங்களில் எப்போதும் மாலை வெயில்தான், மழையே பெய்யாது. போலீஸ் தடுப்பு இருக்காது. எல்லோர் கையிலும் ஒரு காபி, தோளில் ஒரு குழந்தை. அவற்றை ஓரமாக வைத்துவிட்டு நான் கேட்பது இதுதான்: கட்டி முடித்த பிறகு கிளப்பின் தலையில் எவ்வளவு கடன் இருக்கும்? சாதாரண ரசிகர் இப்போது கொடுக்கும் விலையில் உட்காரக்கூடிய இடம் கூடுமா, குறையுமா? ஆட்டம் இல்லாத நாட்களில் அந்தக் கட்டிடம் தெருவுக்கு என்ன தரும்? முதல் கேள்விக்கான பதிலே மற்ற இரண்டுக்கும் பெரும்பாலும் பதில் சொல்லிவிடுகிறது. கடன் பெரிதாகிவிட்டால் டிக்கெட் விலையை முடிவு செய்வது வட்டித் தவணைதான்.

என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நிலம் இடம்கொடுத்தால் கேலரி கேலரியாகக் கட்டுவதையே நான் தேர்ந்தெடுப்பேன். நிலம் எல்லா ஊரிலும் இடம்கொடுப்பதில்லை என்பதுதான் சிக்கல்.

ஒவ்வொரு கேலரியாக

குடியிருந்துகொண்டே வீட்டைப் புதுப்பித்தவர்களுக்கு இந்த வழியின் சங்கடங்களைச் சொல்லத் தேவையில்லை. தூசி, சத்தம், பாதி அடைத்த வழி. ஆனாலும் வீட்டை விட்டு வெளியேறவில்லை.

லிவர்பூல் கிளப்பின் ஆன்ஃபீல்டு மைதானம் இப்படித்தான் வளர்ந்தது. மெயின் ஸ்டாண்டு என்ற முதன்மைக் கேலரியைப் பெரிதாக்கும் வேலை 2014 டிசம்பரில் தொடங்கியது. பழைய கேலரியில் உடனே கை வைக்கவில்லை. அதன் முதுகுப்பக்கம் புதிய இரும்புச் சட்டங்களை எழுப்பினார்கள், முன்பக்கம் ஆட்டம் வழக்கம்போல நடந்தது. 2016 கோடை விடுமுறையில்தான் பழைய கூரையைக் கழற்றி, பழைய படிக்கட்டையும் புதியதையும் இணைத்தார்கள். அடுத்த சீசனின் முதல் சில ஆட்டங்களை வெளியூரில் வைத்துக்கொண்டு, செப்டம்பர் 10 அன்று லெஸ்டர் சிட்டியுடனான ஆட்டத்தில் திறந்துவிட்டார்கள். சுமார் 8,500 இருக்கைகள் கூடின. அப்புறம் சில ஆண்டுகள் கழித்து ஆன்ஃபீல்டு ரோடு முனையில் இருக்கும் கேலரிக்கு வந்தார்கள். இப்போது மொத்தம் 61,000 அளவில் இருக்கிறது.

இதில் எனக்குப் பிடித்தது வேகம் இல்லை, நிறுத்திக்கொள்ளும் வசதி. ஒரு கேலரியில் செய்த தவறு தெரிந்த பிறகு அடுத்த கேலரிக்கு வரைபடம் போடலாம். கட்டியது சம்பாதித்துக் கொடுத்த பிறகு அடுத்ததற்குக் கடன் வாங்கலாம். நடுவில் அணி கீழ் டிவிஷனுக்கு இறங்கிவிட்டால் வேலையைத் தள்ளிப்போடலாம். பாதியில் நிற்கும் புதிய ஸ்டேடியத்துக்கு அந்த வசதி கிடையாது, வருமானம் வந்தாலும் வராவிட்டாலும் அதை முடித்தே ஆக வேண்டும். ஆன்ஃபீல்டு ரோடு வேலையை எடுத்திருந்த கட்டுமான நிறுவனம் 2023 ஆகஸ்டில் நொடித்துப்போனது. மேல் அடுக்கு பல மாதம் திறக்கப்படவில்லை. ஆனால் மற்ற மூன்று பக்கமும் அந்த முனையின் கீழ் அடுக்கும் இருந்ததால் ஆட்டம் ஒன்றுகூட இடம் மாறவில்லை.

விலை விஷயத்திலும் ஆன்ஃபீல்டில் ஒன்று நடந்தது. புதிய மெயின் ஸ்டாண்டோடு சேர்த்து வந்த விலைப்பட்டியலில் உச்ச விலை 77 பவுண்டு. 2016 பிப்ரவரியில் சண்டர்லேண்டுடன் ஆட்டம். 77-வது நிமிடம் வந்ததும் ஆயிரக்கணக்கானோர் எழுந்து வெளியே நடந்தார்கள். அப்போது லிவர்பூல் 2-0 என முன்னிலையில் இருந்தது. முடிந்தபோது 2-2. சில நாட்களில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு அந்த விலையைக் கைவிட்டார்கள். ரசிகர்களின் கோபம் ஒரு காரணம், சரி. கட்டியது ஒரு கேலரி மட்டும் என்பதால் கணக்கில் பின்வாங்க இடம் இருந்தது என்பது இன்னொரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

ஹாம்பர்க் நகரின் செயின்ட் பாலி கிளப் இதே வேலையை இன்னும் நிதானமாகச் செய்தது. மில்லர்ன்டோர் மைதானத்தின் நான்கு பக்கத்தையும் 2006 முதல் 2015 வரை ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டினார்கள். மொத்தம் 30,000-க்குச் சற்றுக் குறைவு, அதில் பாதிக்கு மேல் நின்று பார்க்கும் இடம். கட்டிடத்துக்குள்ளேயே ஒரு குழந்தைகள் காப்பகம் இயங்குகிறது. பெர்லினின் யூனியன் கிளப் கதையோ ஊர் கூடித் தேர் இழுத்த கதை. 2008-09-ல் 2,000-க்கும் மேற்பட்ட ரசிகர்கள் ஏறத்தாழ 1,40,000 மணி நேரம் கூலி வாங்காமல் உழைத்துத் தங்கள் மைதானத்தின் படிக்கட்டுகளைக் கட்டினார்கள். பெரிய கிளப்புகளுக்கு அது சாத்தியப்படாது, பாதுகாப்பு விதிகளும் காப்பீடும் விடாது. ஆனாலும் அந்தப் படியில் நிற்பவரிடம் போய் 'இந்த இடம் இனி கார்ப்பரேட் விருந்தினருக்கு' என்று சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்?

இந்த வழி இடறுவது பக்கத்து நிலத்தில். ஆன்ஃபீல்டின் பின்தெரு வீடுகளை 1990-களிலிருந்தே கிளப் வாங்கத் தொடங்கியது. விரிவாக்கம் தள்ளிக்கொண்டே போக, வாங்கிய வீடுகளில் பல காலியாகக் கிடந்தன. ஒரு தெருவில் நான்கு வீட்டின் சன்னல் தகரம் அடித்து மூடியிருந்தால் ஐந்தாவது வீட்டுக்காரருக்கு நல்ல விலை எப்படிக் கிடைக்கும்? தெருவே சரிந்தது. கடைசியில் அந்த வரிசைகளை இடித்துத்தான் மெயின் ஸ்டாண்டுக்கு இடம் எடுத்தார்கள். கேலரி கேலரியாகக் கட்டுவது ரசிகருக்கு மென்மையான வழி. பக்கத்து வீட்டுக்காரருக்கு அது பத்துப் பதினைந்து வருட நிச்சயமின்மையாக மாறலாம். எந்தத் தெரு வேண்டும், எந்தத் தெரு வேண்டாம் என்பதைக் கிளப் ஒரே நாளில் அறிவித்து, வேண்டிய வீடுகளை ஒரே காலக்கெடுவில் வாங்கிவிட வேண்டும். கமுக்கமாக ஒவ்வொன்றாக வாங்குவது மலிவாக இருக்கலாம், அந்த மலிவின் விலையைக் கொடுப்பது தெருதான்.

சில இடங்களில் வாங்கவும் முடியாது. நியூகாசிலின் செயின்ட் ஜேம்ஸ் பார்க்கில் இரண்டு பக்கம் வானளாவி நிற்க, கிழக்குப் பக்கம் குட்டையாக இருக்கும். அதன் பின்னால் பாதுகாக்கப்பட்ட 19-ஆம் நூற்றாண்டுக் குடியிருப்பு வரிசை இருக்கிறது. மான்செஸ்டர் யுனைடெட் கிளப்பின் ஓல்டு டிராஃபோர்டு மைதானத்தில் தெற்குக் கேலரிக்குப் பின்னால் ரயில் பாதை.

இடித்துவிட்டுப் புதிதாக

வடக்கு லண்டனில் டாட்டன்ஹாம் கிளப் இதைத்தான் செய்தது. சுமார் 36,000 பேர் கொள்ளும் ஒயிட் ஹார்ட் லேனை 2017-ல் இடித்துவிட்டு, கிட்டத்தட்ட அதே இடத்தில் 62,850 இருக்கைகளோடு புதிய ஸ்டேடியம். கட்டிடமாகப் பார்த்தால் குறை சொல்வது கடினம். தெற்கு முனையில் 17,500 பேர் உட்காரும் ஒற்றை அடுக்குக் கேலரி இருக்கிறது. கால்பந்துப் புல்தரை மூன்று துண்டாகப் பிரிந்து கேலரிக்கு அடியில் போய்விடும். கீழே அமெரிக்கக் கால்பந்துக்கான தனித் தரை. வளாகத்திலேயே மேல்நிலை மாணவர்களுக்கான ஒரு பள்ளி 2017-ல் தொடங்கியது. அந்தப் பகுதிக்கு அது உண்மையான வரவு.

ஆனால் செலவு ஏறக்குறைய 100 கோடி பவுண்டு. 2018 செப்டம்பரில் திறக்க வேண்டியது, பாதுகாப்பு அமைப்புகளில் சிக்கல் வந்து 2019 ஏப்ரலில்தான் திறந்தது. அதுவரை அணி வெம்ப்ளியில் ஆடியது. பக்கத்தில் ஒரு குடும்பம் நடத்திவந்த உலோகப் பட்டறை மட்டும் நிலத்தைத் தர மறுத்து, கட்டாய நிலக் கையகப்படுத்தலை எதிர்த்து நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. திட்டத்தோடு சேர்ந்த குடியிருப்புகளில் மலிவு வீடுகள் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை 2012-லேயே உள்ளூர் கவுன்சில் தளர்த்திவிட்டது. கிளப் சொன்ன காரணம், கணக்கு கட்டுபடியாகவில்லை என்பது. ஒரே வீச்சில் கட்டும் திட்டங்களில் இது திரும்பத் திரும்ப நடக்கிறது. திட்டம் பெரிதாக இருப்பதால் அது நின்றுபோய்விடுமோ என்ற பயமும் பெரிதாக இருக்கும். அந்தப் பயத்தில் முதலில் வெட்டுப்படுவது அக்கம்பக்கத்துக்குக் கொடுத்த வாக்குதான், கார்ப்பரேட் பெட்டிகள் எனப்படும் நிறுவன விருந்தினருக்கான தனி அறைகள் இல்லை. 2024-ல் முதியோருக்கான டிக்கெட் சலுகையைக் குறைக்கப்போவதாகக் கிளப் அறிவித்து, அரங்குக்குள்ளேயே எதிர்ப்பைச் சம்பாதித்தது.

வீடற்ற காலம் எவ்வளவு நீளும் என்பதையும் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பார்சிலோனா 2023 கோடையில் தன் கேம்ப் நௌ மைதானத்தை விட்டு மோன்ட்யூயிக் குன்றின் மேலிருக்கும் ஒலிம்பிக் மைதானத்துக்குப் போனது. 2024 இறுதியில் திரும்புவதாகத் திட்டம். திரும்பியது 2025 நவம்பர் 22 அன்று, அதுவும் 45,000 பேருக்கு மட்டும் இடம் தயாரான நிலையில். நடுவில் கொள்ளளவு பாதியாகி, ஓட்டத் தடத்துக்கு அப்பாலிருந்து ஆட்டம் பார்த்த சீசன்கள். ஆட்ட நாளை நம்பிப் பிழைத்த பழைய மைதானத்துத் தெருக் கடைகளுக்கு அந்தக் காலம் எப்படிப் போயிருக்கும் என்பதை எந்தத் திட்ட அறிக்கையும் எழுதுவதில்லை.

இந்த வழியிலேயே ஒரு நல்ல கிளைவழி உண்டு. பில்பாவோவின் அத்லெடிக் கிளப் புதிய சான் மாமேஸைப் பழையதை ஒட்டிய நிலத்தில் கட்டியது. புதியதன் ஒரு பக்கம் பழைய மைதானம் நின்ற இடத்திலேயே வர வேண்டும். எனவே மூன்று பக்கம் எழும்வரை பழையதில் ஆடினார்கள், பிறகு அதை இடித்துவிட்டு, 2013 செப்டம்பரில் ஒரு பக்கம் வெறுமையாக இருக்க, மூன்று பக்கப் புதிய மைதானத்தில் ஆடத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு நான்காவது பக்கமும் வந்துவிட்டது, மொத்தம் சுமார் 53,000. ஒரு சீசன்கூட நாடோடியாகத் திரியவில்லை. ரசிகரின் நடைவழியும் அவர் ஆட்டத்துக்கு முன் நிற்கும் கடைமுனையும் மாறவில்லை. மாநகராட்சியின் நீச்சல் குளத்தோடு கூடிய விளையாட்டு மையம் ஒன்றும் அதே கட்டிடத்தில் சேர்ந்துகொண்டது. பொது அமைப்புகள் பணம் போட்ட திட்டம் அது. போட்ட பணத்துக்கு ஊர் தினமும் பயன்படுத்தும் ஓர் இடம் கிடைத்தது என்பதால் எனக்கு அதில் பெரிய ஆட்சேபம் இல்லை.

மான்செஸ்டர் யுனைடெட் 2025 மார்ச்சில் அறிவித்ததும் இந்தக் கிளைவழிதான். சுமார் 74,000 பேர் கொள்ளும் ஓல்டு டிராஃபோர்டை 87,000 அளவுக்கு விரிப்பதா, பக்கத்தில் 1,00,000 இருக்கையோடு புதிதாகக் கட்டுவதா என்று இரண்டையும் எடைபோட்டுப் பார்த்துவிட்டுப் புதியதையே தேர்ந்தெடுத்தார்கள். ரயில் பாதை உட்பட விரிப்பதில் உள்ள சிக்கல்களைப் பார்த்தால் அந்த முடிவு புரிகிறது. 200 கோடி பவுண்டு என்ற மதிப்பீட்டைப் பார்த்தால்தான் கலக்கம் வருகிறது. ஏற்கெனவே கடன் சுமக்கும் கிளப் அது. புதிய கடனின் தவணையை யார் கட்டப்போகிறார்கள் என்பது அந்தப் படங்களில் இல்லை.

விட்டுப் போவது

இடம்பெயர்வதில் எல்லாமே தூரத்தைப் பொறுத்தது. ஆர்சனல் 2006-ல் ஹைபரியை விட்டுப் போனது சில நூறு மீட்டர் தொலைவுக்குத்தான். 38,000 என்பது 60,000 ஆனது. ரசிகர்கள் இறங்கும் ரயில் நிலையம்கூடப் பெரும்பாலும் பழையதே. ஹைபரியின் பாதுகாக்கப்பட்ட முகப்பை வைத்துக்கொண்டு உள்ளே அடுக்குமாடி வீடுகள் கட்டினார்கள், ஆடுகளம் இருந்த இடம் தோட்டமானது. ஆனால் அந்தக் கடன் பல ஆண்டுகள் ஆட்டக்காரர் வாங்கும் பட்டியலையும் டிக்கெட் விலையையும் பிடித்து ஆட்டியதை ஆர்சனல் ரசிகர் எவரும் மறந்திருக்க மாட்டார். நடு அடுக்கு வளையம் முழுவதும் அதிக விலை இருக்கைகள். நல்ல பார்வை கிடைக்கும் உயரமும் அதுதான்.

வெஸ்ட் ஹாம் கதை வேறு. 2016-ல் அப்டன் பார்க்கை விட்டுச் சில மைல் தள்ளியிருக்கும் ஒலிம்பிக் ஸ்டேடியத்துக்கு 99 ஆண்டுக் குத்தகையில் போனார்கள். கிளப்பின் கணக்கில் இது லாபம்: கட்டுமானக் கடன் கிடையாது, வாடகை சொற்பம். செலவை ஏற்றது பொதுப்பணம். தடகளத்துக்குக் கட்டிய அரங்கில் கால்பந்து பார்க்க வேண்டியிருந்ததால் ஆடுகளம் தள்ளிப்போனது, நகர்த்தும் இருக்கைகளை மாற்றி மாற்றி வைக்கவே ஆண்டுதோறும் பெரும் தொகை செலவானது. 2018 மார்ச்சில் பர்ன்லியுடனான ஆட்டத்தின்போது ரசிகர்கள் ஆடுகளத்துக்குள் இறங்கினார்கள். மலிவாகக் கிடைத்த மைதானம், கடன் இல்லை, ஆனாலும் ரசிகருக்கு வீடு போன உணர்வு. கடன்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று மேலே சொன்னேனே, இந்த இடத்தில் மட்டும் அது பொருந்தாது. கடன் இல்லாமலேயே ஒரு மைதானம் ரசிகருக்கு எதிராக அமைய முடியும், யாருக்காகக் கட்டப்பட்டதோ அவர்களுக்குத்தான் அது பொருந்தும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ரசிகர்களே நடத்தும் ஏஎஃப்சி விம்பிள்டன், ரசிகர்களிடம் கடன் பத்திரம் விற்றுத் திரட்டிய பணமும் சேர்த்து, தன் பழைய ஊர்ப்பகுதியிலேயே 9,000 பேர் அளவுக்கு மைதானம் கட்டி 2020 நவம்பரில் திரும்பி வந்தது. அங்கே இடம்பெயர்வே ஊர் திரும்புதலாக இருந்தது.

இருக்கை எண்ணிக்கை சொல்லாதது

மூன்று வழிகளில் எதை எடுத்தாலும், கேலரியின் குறுக்குவெட்டுப் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது நல்லது. முன்வரிசைக்காரரின் கண்ணுக்கு மேலாக உங்கள் பார்வைக்கோடு எவ்வளவு உயரத்தில் போகிறது என்பதை வடிவமைப்பாளர்கள் மில்லிமீட்டரில் கணக்கிடுவார்கள். 60 இருந்தால் எட்டி எட்டிப் பார்க்க வேண்டியிருக்கும், 90 பரவாயில்லை, 120 கிடைத்தால் அருமை. அந்த எண்ணைக் கூட்ட வேண்டுமானால் படிகளைச் செங்குத்தாக்க வேண்டும். ஆனால் 35 பாகைக்கு மேல் போனால் ஏறி இறங்குபவருக்குத் தலை சுற்றும். ஆக, ஆட்களைக் கூட்டக் கூட்டக் கடைசி வரிசை பின்னாலும் மேலாகவும் தள்ளிப் போய்க்கொண்டே இருக்கும். நடுவில் ஒரு அடுக்கு கார்ப்பரேட் பெட்டிகளைச் செருகினால், மேல் அடுக்கு முழுவதும் இன்னொரு மாடி உயரம் எகிறும். மலிவு டிக்கெட்காரர் தொலைவில் உட்காருவதற்கு ஆடுகளத்தின் அளவு காரணமில்லை, அந்தப் பெட்டிகள்தான் பாதிக் காரணம். சக்கர நாற்காலியில் வருபவருக்கு இந்தக் கணக்கை முன்வரிசையினர் எழுந்து நிற்பதாக வைத்துத்தான் போட வேண்டும். கோல் விழும் தருணத்தில் முன்னால் இருப்பவர் உட்கார்ந்திருப்பார் என்று வைத்துப் போட்டால் அவருக்கு எப்போதும் முதுகுதான் தெரியும்.

கேலரி உயர்ந்தால் புல்லுக்கு வெயிலும் காற்றும் குறையும். விளக்குகளைத் தள்ளுவண்டியில் வைத்து இரவு பகலாகப் புல்லை வளர்க்க வேண்டியிருக்கும். அந்த மின்கட்டணமும் டிக்கெட்டில்தான் வந்து சேரும்.

நின்று பார்க்கும் இடத்தையும் சேர்த்தே பேச வேண்டும். 1989 ஏப்ரல் 15 அன்று இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நின்று பார்க்கும் பகுதியில் நடந்த நெரிசலின் விளைவாக 97 பேர் இறந்தார்கள். அதன் பின் வந்த டெய்லர் நீதிபதியின் அறிக்கை எல்லோருக்கும் இருக்கை வேண்டும் என்றது. கூடவே, இருக்கை என்றால் விலை எட்டாத உயரத்துக்குப் போக வேண்டியதில்லை என்றும் சொன்னது. கிளாஸ்கோவின் ஐபிராக்ஸ் மைதானத்தில் உட்கார 6 பவுண்டு, நிற்க 4 பவுண்டு என்று உதாரணமும் காட்டியது. இருக்கை சட்டமானது, விலை அறிவுரையாகவே நின்றுவிட்டது. ரியோவின் மரக்கானாவிலும் அதேதான். ஆடுகளத்தை ஒட்டி ஏழைகள் நின்று பார்த்த 'ஜெரால்' பகுதி 2005-ல் எடுக்கப்பட்டது. இப்போது இங்கிலாந்தில் கம்பித் தடுப்போடு நின்று பார்க்கும் பகுதிகள் 2022 முதல் திரும்பியிருக்கின்றன. டார்ட்முண்டின் தெற்குக் கேலரியில் 24,000-க்கும் அதிகமானோர் நின்றபடி பார்க்கிறார்கள். புதிய திட்டம் எதுவாக இருந்தாலும் இந்தப் பகுதி எத்தனை, என்ன விலைக்கு என்பது உரிமத்தில் எழுத்தாக இருக்க வேண்டும். அறிவுரைக்கு என்ன கதி என்பதை மேலே பார்த்தோம்.

ஆட்டம் இல்லாத நாட்கள்

லீக் ஆட்டங்களும் கோப்பை ஆட்டங்களும் சேர்த்து ஆண்டுக்கு 25, மிஞ்சினால் 30 நாள் மைதானம் நிரம்பும். மீதி நாட்களில் அது ஒரு பெரிய சுவர். ஸ்டேடியம் வந்தால் வேலை பெருகும், வியாபாரம் கொழிக்கும் என்று வரும் அறிக்கைகளை நான் நம்புவதில்லை. ரோஜர் நோல், ஆண்ட்ரூ ஜிம்பலிஸ்ட் போன்ற பொருளாதார அறிஞர்கள் அமெரிக்க அரங்குகளை வைத்து இதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்தார்கள். பொதுப்பணத்தில் கட்டிய அரங்கம் உள்ளூர் பொருளாதாரத்தைக் குறிப்பிடும்படி உயர்த்துவதில்லை என்பதே முடிவு. வேறு எங்கோ செலவாகியிருக்கும் பணம் இங்கே செலவாகிறது, அவ்வளவுதான்.

ஆகவே பக்கத்துத் தெருவுக்கு நன்மை என்பது திட்டமிட்டு வைத்தால்தான் வரும். அதில் முக்கியமானது தரைத்தளம். தெருவைப் பார்த்திருக்கும் சுவரில் கதவுகள் இருக்கின்றனவா? அந்தக் கதவுகளுக்குப் பின்னால் காப்பகமோ மருத்துவமனையோ நூலகமோ தினமும் திறக்கும் ஒன்று இருக்கிறதா? லண்டனில் ஃபுல்ஹாம் கிளப் தேம்ஸ் பக்கக் கேலரியைக் கட்டியபோது, அதுவரை அடைபட்டிருந்த ஆற்றங்கரை நடைபாதையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. டிக்கெட்டே வாங்காதவருக்கும் கிடைத்த நன்மை அது. அதே கேலரியின் மேலே நீச்சல் குளமும் உறுப்பினர் விடுதியும் இருக்கின்றன, விலையோ கண்ணைக் கட்டும். ஒரே கட்டிடம், பக்கத்து வீட்டுக்காரருக்கு நல்லது, பழைய ரசிகருக்கு எட்டாதது.

ஆட்டமில்லா நாட்களை இசை நிகழ்ச்சிகளால் நிரப்புவது கிளப்புகளுக்குப் பிடித்த யோசனை. கடனைக் கட்ட அது வேண்டும். மாட்ரிட்டின் பெர்னபேயுவில் அப்படி நிரப்பியபோது சுற்றியிருந்த குடியிருப்புகள் சத்தம் தாங்காமல் வழக்குவரை போயின. 2024 செப்டம்பரில் நிகழ்ச்சிகளை நிறுத்த வேண்டி வந்தது. கணக்கில் எழுதிய வருமானம் ஒரே நாளில் கேள்விக்குள்ளானது. புதிய ஸ்டேடியத்துக்கான நிதித்திட்டத்தில் ஆண்டுக்கு எத்தனை இரவு இசை நிகழ்ச்சி என்று போட்டிருக்கிறார்கள் என்பதை முதல் பொதுக்கூட்டத்திலேயே கேட்டுவிடுவது அக்கம்பக்கத்தாருக்கு நல்லது.

நிலம் யார் கையில்

கட்டிடத்தைவிட இதுதான் நெடுநாள் நிற்கிறது. செல்சீ கிளப்பின் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ் நிலமும் அந்தக் கிளப்பின் பெயர் மீதான உரிமையும் ரசிகர்கள் பங்குதாரராக இருக்கும் ஓர் அமைப்பின் கையில் இருக்கின்றன. வேறு இடத்துக்குப் போனால் பெயரைக் கொண்டுபோக முடியாது. 2011 அக்டோபரில் நிலத்தைத் திரும்ப வாங்கக் கிளப் ஓட்டெடுப்பு வைத்தது. 75 சதவீதம் தேவை, கிடைத்தது 62-க்கும் குறைவு. உலகின் பணக்கார உரிமையாளர்களில் ஒருவராக இருந்தும் கிளப்பின் அப்போதைய உரிமையாளரால் அந்த வேலியைத் தாண்ட முடியவில்லை. செயின்ட் பாலி ரசிகர்கள் ஒரு படி மேலே போய், கூட்டுறவுச் சங்கம் அமைத்து, 2025-க்குள் 21,000-க்கும் மேற்பட்டோரிடம் கிட்டத்தட்ட 3 கோடி யூரோ திரட்டினார்கள். மைதானத்தின் பெரும்பங்கைத் தாங்களே வாங்கிக்கொள்வதற்காக. கிளப்புக்கும் பணம் வந்தது, மைதானமும் வெளியாள் கைக்குப் போகவில்லை. வங்கிக் கடனுக்கு மாற்றாக எனக்குத் தெரிந்த நல்ல ஏற்பாடு இதுதான்.

ஆக, என் வரிசை இது. நிலமும் தெருவும் அனுமதித்தால் கேலரி கேலரியாக. அது முடியாமல் ஒட்டிய நிலம் இருந்தால் பில்பாவோ முறை. முழுதாக இடித்துவிட்டு வாடகை மைதானத்தில் காலம் தள்ளுவது மூன்றாவது. இடம்பெயர்வது கடைசி. ஒரு பக்கம் ரயில், மறுபக்கம் இடிக்கக்கூடாத வீடுகள், நடந்துபோகும் தூரத்தில் வேறு நிலம் தயார் என்ற நிலையில் மட்டும் இடம்பெயர்வதற்கு நான் ஓட்டுப் போடுவேன். அதற்கும் ஒரு நிபந்தனை வைப்பேன்: பழைய மைதானத்தில் கால்பந்து தொடர வேண்டும். எவர்டன் ஆண்கள் அணி 1892 முதல் ஆடிய குடிசன் பார்க்கை விட்டு 2025-ல் துறைமுகக் கரைக்குப் போனபோது, இடிப்பதாக இருந்த பழைய மைதானத்தைப் பெண்கள் அணிக்குக் கொடுத்தது. அந்தத் தெருக்களில் ஆட்ட நாள் என்ற ஒன்று இன்னும் இருக்கிறது. அப்படியொரு நிபந்தனையை நிலப் பத்திரத்தில் எழுதாமல் செய்தி அறிக்கையில் மட்டும் எழுதிக்கொண்டு வந்தால், ஒழுகும் கூரையோடு இன்னும் இரண்டு சீசன் காத்திருக்கத்தான் ஓட்டுப் போடுவேன்.